தம்ப்நெயில் எடுபடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

வடசென்னையிலிருந்து வீடியோ போடுகிறவர்களுக்குச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. காசிமேட்டு மீன் ஏலம், பாரிமுனை அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை, எம்.சி. ரோடு புடவைக் கடைகள், கொளத்தூர் வண்ணமீன் சந்தை, வியாசர்பாடி கேரம், கானா என்று எடுக்க எடுக்கக் கதை இருக்கிறது. அப்படி உழைத்து எடுத்த வீடியோ ஆள் வராமல் கிடக்கும்போது பலரும் செய்வது ஒன்றே: பழைய தம்ப்நெயிலை, அதாவது வீடியோவைத் திறக்கும் முன் கண்ணில் படும் சின்னப் படத்தை, தூக்கிவிட்டு, இன்னும் பெரிய எழுத்தும் இன்னும் பெரிய சிவப்பு அம்புக்குறியுமாக இன்னொன்றை ஏற்றுவது. கோளாறு எங்கே என்று தெரியாமல் மாற்றினால் நன்றாக இருந்த பகுதியும் சேர்ந்து போய்விடும். முதலில் அறிகுறியைப் பாருங்கள், அப்புறம் கை வையுங்கள்.

மாற்றுவதற்கு முன்

யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் அனலிட்டிக்ஸைத் திறந்து 'ரீச்' பகுதிக்குப் போங்கள். இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று இம்ப்ரெஷன், அதாவது உங்கள் தம்ப்நெயில் எத்தனை முறை பார்வையாளர்களின் கண்ணில் பட்டது என்ற கணக்கு. படத்தில் பாதியாவது திரையில் தெரிந்து ஒரு வினாடிக்கு மேல் நின்றால்தான் அது கணக்கில் வரும். இன்னொன்று சி.டி.ஆர். அப்படிக் கண்ணில் பட்டதில் நூற்றுக்கு எத்தனை முறை வீடியோவைத் திறந்தார்கள் என்பது அது.

யூடியூபில் உள்ள சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு சி.டி.ஆர். 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. அதனால் 4% என்று பார்த்ததும் பதற வேண்டாம். உங்களுடைய மற்ற வீடியோக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்துச் சேனலின் எண்ணை வைத்து ஒப்பிடுவதில் பயன் இல்லை, அவருடைய ஆட்கள் வேறு, உங்களுடைய ஆட்கள் வேறு. வீடியோ போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, பார்வையும் நூறைத் தாண்டவில்லை என்றால் அந்த எண் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று. தெரு வாட்ஸப் குரூப்பில் லிங்க் போட்டு வரும் பார்வைகள் இம்ப்ரெஷன் கணக்கிலேயே சேராது. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், பார்வை ஏறிவிட்டது, தம்ப்நெயில் அருமை என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் தம்ப்நெயிலுக்காக வரவில்லை, உங்களுக்காக வந்தார்கள்.

இம்ப்ரெஷன் குறைவு, ஆனால் சி.டி.ஆர். நன்றாக இருக்கிறது

தம்ப்நெயிலைத் தொடாதீர்கள். பார்த்தவர்கள் திறக்கிறார்கள், ஆனால் பார்க்கவே அதிகம் பேர் இல்லை. பிரச்சினை தலைப்பிலோ, எடுத்துக்கொண்ட விஷயத்திலோ, வீடியோவுக்குள்ளேயோ இருக்கிறது.

இதையொட்டி இன்னொரு குழப்பமும் உண்டு. போட்ட அன்று 9% இருந்தது, பத்து நாளில் 4% ஆகிவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. முதலில் வருகிறவர்கள் உங்கள் சப்ஸ்கிரைபர்கள், உங்கள் முகம் தெரிந்தவர்கள். யூடியூப் அந்த வீடியோவைப் புது ஆட்களிடம் கொண்டுபோகும்போது சதவீதம் இறங்குவது இயல்புதான். இம்ப்ரெஷன் ஏறிக்கொண்டே சி.டி.ஆர். மெதுவாக இறங்கினால் வீடியோ பரவுகிறது என்று பொருள்.

இம்ப்ரெஷன் நிறைய, க்ளிக் இல்லை

இதுதான் உண்மையான தம்ப்நெயில் கோளாறு. காரணம் பல இருக்கலாம் என்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை அளவு. நீங்கள் படத்தைச் செய்யும்போது திரை முழுவதும் விரித்து வைத்துச் செய்கிறீர்கள். பார்க்கிறவரோ மின்சார ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளிக்கொண்டே போகிறார். படத்தை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, சுற்றிலும் மற்ற சேனல்களின் தம்ப்நெயில்கள் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் போனின் கேலரியில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும் காட்சியில் பாருங்கள். என்ன வீடியோ என்று உடனே புரியவில்லை என்றால் அதுதான் நோய்.

பெரும்பாலும் காரணம் கூட்டம். ஏலக்கூடத்தின் முழுக் காட்சியும் தெரிய வேண்டும், பேசுகிறவர் முகமும் வேண்டும், மூன்று வகை மீனும் வேண்டும், விலையும் வேண்டும், சேனல் லோகோவும் வேண்டும் என்று எல்லாவற்றையும் திணித்தால் சின்னத் திரையில் கலங்கலாக ஒரு நிறம்தான் தெரியும். ஒரு முகம், ஒரு பொருள், மிஞ்சினால் மூன்று சொல். அவ்வளவு போதும். லோகோவை எடுத்துவிடுங்கள். சேனலின் படமும் பெயரும் வழக்கமாகத் தம்ப்நெயிலுக்குக் கீழேயே வந்துவிடுகின்றன.

கூட்டமும் இல்லை, தெளிவாகவும் இருக்கிறது, ஆனாலும் க்ளிக் இல்லை என்றால், உங்கள் வீடியோ போன்றதைத் தேடுகிறவர்கள் போடும் சொல்லை யூடியூபில் அடித்து, வரும் பட்டியலைப் பாருங்கள். 'காசிமேடு மீன் மார்க்கெட்' என்று தேடினால் வரும் படங்களில் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கும் ஆள் எத்தனை முறை வருகிறார் என்று பாருங்கள். அதே போஸில் நீங்களும் நின்றால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். எல்லாரும் மஞ்சளும் சிவப்பும் போட்டிருந்தால், ஐஸின் வெள்ளையும் ஒரே ஒரு சங்கராவின் சிவப்பும் எழுத்தே இல்லாமல் இருக்கும் படம் தனியாக நிற்கும். வலையைப் பிரிக்கும் கையை மட்டும் அருகில் எடுத்தாலும் சரி, தராசுத் தட்டை எடுத்தாலும் சரி, மற்றவர்கள் காட்டாத ஒன்று இருக்க வேண்டும்.

செய்தியைத் தொட்டு வீடியோ போடும்போது இது இன்னும் முக்கியம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்றார். அப்படி ஒரு செய்தி வரும் நாளில் பத்திரிகையில் வந்த படத்தையே எல்லாரும் எடுத்துப் போடத் தோன்றும். அந்தப் படம் எடுத்தவருக்குச் சொந்தம் என்பது ஒரு பக்கம். உங்கள் தம்ப்நெயில் மற்ற எல்லாவற்றையும் போலவே இருக்கும் என்பது இன்னொரு பக்கம். உங்கள் தெரு மன்றத்தில் தேய்ந்துபோன பலகையும், பவுடர் படிந்த விரலும், ஸ்ட்ரைக்கரும் உங்களிடம் இருக்கின்றன. வேறு யாரிடமும் அந்தப் படம் இருக்காது.

எழுத்து படிக்க முடியவில்லை

ஆங்கிலத் தம்ப்நெயிலைப் பார்த்துச் செய்யும் வழிமுறைகள் தமிழில் இடறுவது இங்கேதான். எனக்கு மிகவும் ஆதங்கமாக இருக்கும் இடமும் இதுதான். நல்ல படத்தின் மேல் புள்ளி தொலைந்த தமிழைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

புள்ளி தெரியவில்லை, 'மீன்' என்பது 'மீன' என்று தெரிகிறது: எழுத்தைச் சுற்றித் தடிமனாக ஸ்ட்ரோக் போட்டிருப்பீர்கள். அந்தக் கறுப்புக் கரை புள்ளியையும் எழுத்தையும் ஒட்ட வைத்துவிடும், அல்லது புள்ளியையே விழுங்கிவிடும். ஸ்ட்ரோக்கைப் பாதியாகக் குறையுங்கள். அதற்குப் பதிலாக எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறத்தில் பட்டை ஒன்று வையுங்கள், அல்லது படத்தின் அந்தப் பகுதியை இருட்டாக்குங்கள். வெள்ளை எழுத்து தானாகவே எடுப்பாகத் தெரியும்.

ஞ, ண, ணை போன்ற எழுத்துகளின் உள்சுழி அடைத்துக்கொள்கிறது: ஃபான்ட் தேவைக்கு மேல் தடிமன். ஒரு படி இறக்குங்கள். 'வஞ்சிரம்' என்ற சொல்லை மிகத் தடித்த எழுத்தில் போட்டுச் சுருக்கிப் பார்த்தால் ஞ வெறும் கறையாகத் தெரிவதைப் பார்க்கலாம். அனெக் தமிழ், கேட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி ஆகிய நான்கும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒவ்வொன்றிலும் பல தடிமன்கள் உண்டு. அனெக் தமிழில் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நீளமான தமிழ்ச் சொல்லைச் சின்ன இடத்தில் அடக்க அது மிகவும் கைகொடுக்கும்.

மேல் வரியும் கீழ் வரியும் இடித்துக்கொள்கின்றன: தமிழில் து, மு, கூ எல்லாம் கீழே இறங்கும், கி, கீ எல்லாம் மேலே ஏறும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி போதாது. இடைவெளியைக் கூட்டுங்கள். முடிந்தால் ஒரே வரியாக்குங்கள்.

கொம்பும் காலும் பிரிந்து கிடக்கின்றன, 'கொளத்தூர்' என்று அடித்தால் கொம்பு எங்கோ போய் நிற்கிறது, நடுவில் புள்ளி வட்டம் வருகிறது: ஃபான்ட் மேல் தவறில்லை. மென்பொருள் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத நிலையில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் ப்ரிஃபரன்ஸஸுக்குள் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கும். ஏற்கெனவே அடித்த எழுத்து சரியாகவில்லை என்றால் புதிய டெக்ஸ்ட் லேயர் எடுத்து மறுபடி அடியுங்கள்.

எந்த ஃபான்ட் மாற்றினாலும் எழுத்து அப்படியே இருக்கிறது: நீங்கள் இறக்கி வைத்திருப்பது பாமினி போன்ற பழைய முறை ஃபான்டாக இருக்கும். அதற்குள் இன்று போனும் இணையமும் பயன்படுத்தும் யூனிகோட் முறைத் தமிழ் இல்லை, அதனால் போன் தன்னிடம் உள்ள சாதாரண எழுத்தையே காட்டுகிறது. யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இணையத்தில் உண்டு. மாற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். அதை ஒட்டி ஃபான்டைத் தேர்ந்தெடுத்தால் தமிழாகிவிடும். என்னைக் கேட்டால் யூனிகோட் ஃபான்டிலேயே இருந்துவிடுவது நல்லது, தப்பைத் திருத்த ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சொல்லைக் குறைப்பதில்தான் பாதி வெற்றி. 'காசிமேட்டில் மீன் வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை' என்பது தலைப்புக்கு. தம்ப்நெயிலுக்கு 'எடை சரியா?' போதும். தலைப்பில் இருக்கும் சொல்லைத் தம்ப்நெயிலில் திரும்ப எழுதாதீர்கள், இருக்கிற சின்ன இடம் வீணாகிறது. வினைச்சொல்லைத் தலைப்புக்குத் தள்ளிவிட்டுப் பெயர்ச்சொல்லை மட்டும் படத்தில் வைத்தால் நீளம் சட்டென்று குறையும்.

முகம் இருட்டு, மீன் மட்டும் பளபள

காசிமேடு கிழக்குப் பார்த்த கடற்கரை. காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து வருகிறது. படகும் கடலும் பின்னால் தெரிய வேண்டும் என்று ஆளைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் முகம் கறுத்துவிடும். ஆளைத் திருப்புங்கள், அவர் கடலைப் பார்க்கட்டும், நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி எடுங்கள். பின்னால் படகுதான் வேண்டும் என்றால் சூரியன் ஏறுவதற்கு முன், வெளிச்சம் பரவலாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மீன் செதில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பதால், போனில் மீனைத் தொட்டு ஃபோகஸ் வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். இருட்டாக எடுத்ததைப் பிறகு கொஞ்சமாவது தூக்கலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

அத்தோவுக்கு வேறு சிக்கல். நூடுல்ஸே ஆரஞ்சு நிறம், கடை பல்பும் மஞ்சள், இரண்டும் சேர்ந்து தட்டு முழுக்க ஒரே நிறமாகிவிடுகிறது. வொயிட் பேலன்ஸை நீலப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். தட்டை வெள்ளையாக வையுங்கள். பிளந்து வைத்த முட்டை மசாலா ஒன்று பக்கத்தில் இருந்தால் வெள்ளையும் மஞ்சளும் கண்ணுக்குப் பிடிமானம் தரும். கொளத்தூர் மீன் தொட்டிகளில் கண்ணாடிப் பிரதிபலிப்பு வந்தால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, போனைச் சுற்றிக் கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்தால் தீர்ந்தது.

ஓடும் வீடியோவிலிருந்து ஃபிரேம் எடுத்துத் தம்ப்நெயில் செய்தால் பெரும்பாலும் அசைவில் மங்கியிருக்கும். படப்பிடிப்பு நேரத்திலேயே தம்ப்நெயிலுக்கென்று தனியாகப் போட்டோ எடுத்துவிடுங்கள். டிசைன் செய்யும் நண்பருக்கு அனுப்பும்போது வாட்ஸப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

யாருடைய முகத்தை வைத்தாலும் அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். ஏலத்தில் கத்திக் கூவும் அக்காவின் முகம் அருமையான தம்ப்நெயிலாக இருக்கலாம். ஆனால் அது அவர் தினமும் பிழைப்புக்கு வரும் இடம், அவர் சம்மதம் வேண்டும்.

விலை தெரியவில்லை

வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் கறுப்புக் கட்டத்தில் வந்து உட்காரும். எம்.சி. ரோடு புடவை வீடியோக்களில் விலையை அங்கேதான் வைக்கிறார்கள், அது பாதி மறைந்துவிடுகிறது. அடி விளிம்பையும் காலியாக விடுங்கள், பாதி பார்த்த வீடியோவுக்குச் சிவப்புக் கோடு அங்கே ஓடும். விலைக்கு இடது மேல் பக்கம்தான் பாதுகாப்பு. படத்தின் நான்கு மூலைகளும் வளைவாக வெட்டப்படும் என்பதால் எதையும் மூலையோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

க்ளிக் வருகிறது, அரை நிமிடத்தில் போய்விடுகிறார்கள்

சி.டி.ஆர். நன்றாக இருந்து, ரிடென்ஷன் கோடு (எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு) ஆரம்பத்திலேயே செங்குத்தாக விழுந்தால், தம்ப்நெயில் சொன்னதை வீடியோ தரவில்லை. '₹500-க்கு 3 புடவை' என்று படத்தில் போட்டுவிட்டு அந்தக் கடையை எட்டாவது நிமிடத்தில் காட்டினால் யார் காத்திருப்பார்கள்? முதல் வினாடிகளிலேயே அந்தப் புடவையை, அந்த விலைச் சீட்டை ஒரு முறை காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு கடைக்குள் நுழையுங்கள். காட்சி இல்லவே இல்லையென்றால் தம்ப்நெயிலைத்தான் மாற்ற வேண்டும். வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் காட்டுவது யூடியூப் விதிகளுக்கு எதிரானது. 2024 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே இதில் கெடுபிடி காட்டப்போவதாகவும் அறிவித்தார்கள், குறிப்பாகச் செய்தி, நடப்பு விஷயங்களில்.

இதில் நான் இன்னொன்று சொல்ல வேண்டும். வடசென்னை என்ற சொல் வந்தாலே அரிவாள், ரத்தத் துளி, முறைக்கும் இளைஞன் என்று தம்ப்நெயில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வீடியோவைத் திறந்தால் பிரியாணிக் கடையாக இருக்கும். க்ளிக் வரும்தான். ஆனால் அந்தப் படம் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகளின் மேல்தான் போய் விழுகிறது. பாக்ஸிங் வீடியோவுக்குக்கூட ரத்தம் வேண்டாம், கைக்கு டேப் சுற்றும் நேரத்து முகம் போதும், அதில் எல்லாம் இருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள் செய்யும் சேனல்களாவது இந்த வழக்கத்தை விட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

நன்றாக ஓடிய பழைய வீடியோ திடீரென்று படுத்துவிட்டது

தேதியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த மாதங்களில் 'வஞ்சிரம் விலை இறங்கியது' என்ற தம்ப்நெயிலை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பிப் போனவர் ஏமாந்து திரும்புவார். விலையைத் தம்ப்நெயிலில் போடுகிறவர்கள் இந்த வீடியோக்களைக் குறித்து வைத்துக்கொண்டு, தடைக்காலம் தொடங்கும்போது விலை இல்லாத படத்துக்கு மாற்றுங்கள், படகுகள் கடலுக்குப் போனதும் புது விலையோடு மாற்றுங்கள். வீடியோ அப்படியே இருக்கும், தம்ப்நெயில் மட்டும்தான் மாறும்.

இரண்டில் எது நல்லது என்று தெரியவில்லை

ஊகிக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் ஸ்டுடியோவைத் திறந்தால், வசதி உள்ள சேனல்களுக்குத் தம்ப்நெயில் பகுதியில் படங்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் 'ஏ/பி டெஸ்டிங்' (முன்பு 'டெஸ்ட் அண்ட் கம்பேர்') இருக்கும். மூன்று படங்கள் வரை ஏற்றலாம், யூடியூபே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் காட்டும். க்ளிக்கை வைத்து அல்ல, எந்தப் படத்தின் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து முடிவு சொல்லும். அதனால் பொய்ப் படம் இதில் ஜெயிப்பது கடினம். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தால் சோதனையில் எதுவும் தெரியாது. ஒன்றில் முகம், ஒன்றில் பொருள் மட்டும், ஒன்றில் எழுத்து என்று நன்றாகவே வேறுபடுத்துங்கள். பார்வை குறைவான சேனலில் தெளிவான முடிவு வராமல் போகலாம். அப்போது ஒரு படத்தைச் சில வாரம் விட்டுவிட்டு, அடுத்ததை அதே அளவு காலம் வைத்துப் பாருங்கள்.

ஏற்றும்போது வரும் கோளாறுகள்

'தம்ப்நெயில் சேர்' என்ற பொத்தானே வேலை செய்யவில்லை என்றால் சேனலுக்கு போன் நம்பர் சரிபார்ப்பு முடியவில்லை. ஸ்டுடியோ செட்டிங்ஸில் சேனல் பகுதியில் செய்துவிடலாம்.

படம் ஏறவில்லை என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். 1280-க்கு 720 பிக்சலில், 2 எம்.பி.-க்குள் ஜேபெக்காகச் சேமித்தால் எங்கும் சிக்கல் வராது. பி.என்.ஜி. பெரிதாகிவிட்டால் ஜேபெக்காக மாற்றுங்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் படம் 16-க்கு 9 விகிதத்தில் இல்லை.

நிறம் செத்துப்போய்த் தெரிந்தால், அல்லது ஏற்றிய பிறகு வேறு நிறமாகிவிட்டால், ஃபைல் அச்சுக்கான நிற முறையான சி.எம்.ஒய்.கே.-யில் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் பேனர் செய்யும் கடையில் டிசைன் செய்து வாங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும், அவர்கள் அச்சுக்கான முறையிலேயே வேலை செய்து பழகியவர்கள். திரைக்கான நிற முறையான ஆர்.ஜி.பி.-க்கு மாற்றி, எஸ்.ஆர்.ஜி.பி. ப்ரொஃபைலில் சேமித்துத் தரச் சொல்லுங்கள்.

டிவியில் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் 1920-க்கு 1080-இல் செய்து, ஜேபெக் தரத்தைக் கொஞ்சம் குறைத்து ஏற்றுங்கள். மாற்றியும் பழைய படமே தெரிந்தால் மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் போன் பழைய படத்தைச் சேமித்து வைத்துக் காட்டுகிறது. இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள், அங்கே புதியது தெரிந்தால் மற்றவர்களுக்கும் அதுதான் தெரியும்.